பூச்சி மருந்து

நெல்லியாளத்துக்கு மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் பழங்காலக் கல்வட்டப் புதைகுழி ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் வேலை குறைந்ததிலிருந்து பாலாமணி அங்கே தினக்கூலிக்கு மண் சலித்தாள். கணவனைப் பறிகொடுத்தவளுக்கு மிஞ்சிய ஒரே உயிர், மகள் ரேணுகா.

அன்று குழியில் எலும்புக்கூடு ஒன்று தெரிந்தது. ஆய்வாளர் பிரிஸில்லா அதன் இடுப்பெலும்புக்குள் இருந்த மண்ணைத் தனியாக அள்ளினார். வயிறு இருந்த இடம் அது. குடற்புழுக்களின் முட்டைகள் இத்தனை காலமும் அழியாமல் அதில் இருக்கலாம் என்றார். ஓடுதான் மிஞ்சும், உயிர் இருக்காது என்று அவர் சொன்னது பாலாமணியின் காதில் ஏறவில்லை. அழியாத முட்டை என்பது மட்டும் ஏறியது.

அந்தக் குழி மண்ணைத்தானே அவளும் இத்தனை நாளும் தொட்டாள்! ரேணுகாவுக்கோ சில நாட்களாக வயிற்றுவலி. சோப்பு கரையக் கரையக் கையைத் தேய்த்தாள். நடந்ததை மகளிடம் சொன்னாள். தன் கையிலிருந்து முட்டை ஒட்டிவிடுமோ என்று மகளின் தட்டைத் தொட மறுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில், திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று ரேணுகா பேச்செடுத்தாள். பயத்தில் வெந்துகொண்டிருந்த தாயின் வாயில் நெருப்பு வந்தது.

"நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

ரேணுகா எழுந்து உள்ளே போனாள்.

மதியம் பாலாமணி குழியருகில் மண் சலித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தங்கவேலு போன் செய்தான்.

"ஏனுங்கக்கா, ரேணுகா பூச்சி மருந்து குடிச்சிருச்சு. வாந்தியா எடுக்குது. வெரசா வாங்க."

சிக்னல் போய்விட்டது. பாலாமணிக்கு உலகமே போய்விட்டது.

தோட்டத்துக்குத் தெளிக்கும் மருந்து கேன் அவள் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. தான் சொன்ன அந்தக் கொடிய வார்த்தை, பனிமூட்டத்துக்குள் ஓடிய வழியெல்லாம் அவளைத் துரத்தியது.

வீட்டுக்குள் ரேணுகா வாளியின் மேல் குனிந்திருந்தாள். பாலாமணி அவள் தாடையைப் பிடித்து வாயை முகர்ந்தாள். மருந்து நெடி இல்லை. இனிப்பு வாசனை.

"நர்சக்கா குடுத்த வயித்துப் பூச்சி மருந்தும்மா. வெறும் வயித்துல குடிச்சுட்டேன்."

"எதுக்குடி?"

"புழுப் பயத்துல நீ என் தட்டைக்கூடத் தொடலையே. அந்தப் பயம் போகட்டும்னுதான்."

பாலாமணி தரையில் சரிந்து உட்கார்ந்து கதறினாள்.

"வேற எந்த மருந்துன்னு நெனச்சீங்க?" என்று வாசலில் நின்று சிரித்தபடி கேட்ட தங்கவேலுவின் பார்வை கட்டிலுக்கு அடியில் விழுந்தது. சிரிப்பு நின்றது. கேனை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

அடுத்த நாள் குழியருகில் பாலாமணி சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எலும்புக்கூட்டைப் பார்த்தாள்.

"மேடம், இந்த வயிறு வலிச்சப்போ பக்கத்துல யாராச்சும் இருந்திருப்பாங்களா?"

பிரிஸில்லா இடுப்பு மண் இருந்த பையின் வாயைக் கட்டினார்.

"அது மண்ணுல தெரியாதுங்கக்கா."