கழுதை ஆட்டத்தில் தோற்றவர்

குற்றாலத்தில் சீசனுக்கு நாங்கள் எடுத்த வீட்டின் அடுத்த அறையில் ஓர் அண்ணாச்சி மனைவியோடு தங்கியிருந்தார். மகன் இறந்ததிலிருந்து அந்த அம்மாள் பேசுவதில்லை. அருவியில் குளித்தால் தெளியும் என்று அழைத்து வந்திருந்தார்.

சாரல் விழும் மத்தியானங்களில் எங்களையும் கூட்டிக்கொண்டு சீட்டில் கழுதை ஆட்டம் ஆடுவார். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் வேறு இனத்தால் வெட்டினால், பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை. கழுதை மாதிரி கத்த வேண்டும். தொந்தி குலுங்க அவர்தான் தினமும் கத்துவார்.

“சின்னச் சீட்டை வச்சுக்கிட்டே பெரிசை இறக்குதீங்களே அண்ணாச்சி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் கத்தும்போதுதான் அவ சிரிக்குதா” என்றார் தணிந்த குரலில்.

ஊருக்குக் கிளம்பும் நாளிலும் தோற்றுக் கத்தினார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர், மனைவியின் முகத்தைப் பார்த்தபடி மறுபடி கத்தினார். அப்போது வந்த சத்தம் கழுதையுடையதாக இல்லை.