பிரேக்கை மிதித்த கால்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வண்டியில் ஒரு கோளாறு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான் என் நம்பிக்கை. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பட்டப்பகலில் நடந்ததை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கார் ஒரு கல்லூரிப் பேராசிரியருடையது. மணிமுத்தாறு போய்விட்டுத் திரும்பும்போது ஒரு வளைவில் வண்டி நிற்காமல் போய்ப் புளியமரத்தில் மோதிவிட்டது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் கண்ணாடியில் தலை மோதி அங்கேயே இறந்துபோனார். டிரைவர் இசக்கிக்கு வலது கை முறிந்ததோடு சரி. “பிரேக்கு அப்படியே உள்ள எறங்கிட்டு” என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான், ஒருத்தரும் நம்பவில்லை. அவனுக்குக் குடிப்பழக்கம் உண்டு, நானே பார்த்திருக்கிறேன், அதனால் நானும் நம்பவில்லை.

போலீஸ் பார்த்து முடித்தபின் பேராசிரியரின் தம்பி அந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வலது பக்கக் கதவு நசுங்கித் திறக்க முடியாமல் கிடந்தது, இடது பக்கம் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஆனால் பிரேக் குழாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் மட்டம் சரியாக இருந்தது, நாலு சக்கரத்திலும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. உள்ளே ஏறி டக் டக்கென்று மிதித்தேன், பெடல் கல் மாதிரி நின்றது.

“பாத்தீயளா அண்ணாச்சி, பொய்தான சொல்லுதான்? குடிச்சிட்டு எங்க அண்ணனைக் கொன்னுட்டான். நீங்க சொல்லுங்க, இன்னைக்கே அவனை உள்ள தள்ளுதேன்.”

“இருங்க சார், குழாய்ல காத்து இருந்தாலும் பிரேக் பிடிக்காது, அதையும் பாத்துட்டுச் சொல்லுதேன். அதுக்கு ஒரு ஆள் உள்ள உக்காந்து மிதிக்கணும்.”

“நான் கோர்ட்டுப் பக்கம் போய்ட்டு வாரேன், வந்து மிதிக்கேன்” என்று போனார்.

அவர் போன சூட்டோடு இசக்கி வந்து நின்றான், கையில் மாவுக்கட்டு. இவன் எதற்கு இப்போது வருகிறான், வண்டியில் எதையாவது கழற்றிவிட்டுக் கதை கட்டப் பார்க்கிறானா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

“ஏலே, வண்டி கிட்ட வராத. எதுத்த டீக்கடையில போய் இரி.”

போய் உட்கார்ந்தான்.

ஜாக்கி போட்டு, பின்சக்கரத்தின் பக்கம் படுத்து, காற்று எடுக்கிற திருகில் குழாயை மாட்டி, அதன் நுனியை ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். அப்போது சீட்டு ஸ்பிரிங் கிறீச்சென்றது.

“வந்துட்டியளா சார்?”

பதில் இல்லை. கோபத்தில் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“மிதிங்க சார்” என்றேன். மிதித்தார். “அப்படியே பிடிங்க.” திருகைத் திறந்தால் எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு பாட்டிலில் விழுந்தது, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லை. மூடினேன். “விடுங்க.” விட்டார். இப்படிக் குனிந்தபடியே நகர்ந்து நாலு சக்கரமும் முடித்தேன், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, சொல்லச் சொல்லச் சரியாகச் செய்தார். இவ்வளவு பதமாக மிதிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

கடைசிச் சக்கரத்தில் திருகை இறுக்கி மூடிவிட்டு, “கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திப் பிடிங்க சார்” என்றேன். அரை நிமிஷம் போயிருக்கும். டொக் என்று ஒரு சத்தம், பெடல் தரையில் போய் முட்டுகிற சத்தம்.

திருகெல்லாம் மூடியிருக்கிறது, வெளியே கசிவு இல்லை, அப்படியும் பெடல் இறங்குகிறது என்றால் கோளாறு, மிதிக்கும்போது எண்ணெயைக் குழாய்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே. டக்கென்று மிதித்தால் தெரியாது, நிதானமாக அழுத்தினால்தான் தெரியும்.

“சார், இசக்கி சொன்னது நெசந்தான்!” என்று கத்திக்கொண்டே எழுந்து உள்ளே பார்த்தேன்.

வண்டிக்குள் யாரும் இல்லை.

பெடல் தரையோடு கிடந்தது. நம்பினால் நம்புங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலே வந்தது. காலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பட்டென்று தூக்கிவிடும். இது அப்படி வரவில்லை, ஒருத்தர் பாதத்தைப் பைய எடுக்கிற மாதிரி வந்தது.

ஓடிப்போய் டீக்கடையில் கேட்டேன். “இசக்கி பெஞ்சை விட்டு எழும்பவே இல்லையே அண்ணாச்சி” என்றார் கடைக்காரர். அவன் வேறு யாரையாவது உள்ளே அனுப்பியிருப்பானோ என்று ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், இருப்பது ஒரே வாசல், அதுவும் டீக்கடைக்காரர் கண் முன்னாலே. தம்பி வந்து சேர இன்னும் கால் மணி நேரம் ஆனது, ஆட்டோவில் வந்து இறங்கினார்.

நான் கண்டதை அவரிடம் சொல்லவில்லை. கோளாறை மட்டும் சொன்னேன்.

“அவன் உங்களுக்கு வேண்டியவனா?” என்று என்னையே ஒரு மாதிரி பார்த்தார்.

“நீங்களே உக்காந்து பாருங்க. டக்குன்னு சவட்டாதீங்க, பைய அழுத்துங்க.”

அழுத்தினார். அவர் காலுக்குக் கீழேயே பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தரையைத் தொட்டது. காலை எடுத்துவிட்டு இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். நான் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்த வேண்டிய, விளிம்பு தேய்ந்துபோன ரப்பரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைக் கடந்து போய் இசக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்களோ, இசக்கி அழுதது மட்டும் இங்கிருந்து தெரிந்தது.

சாயங்காலம் அவன் என்னிடம் வந்தான்.

“அண்ணாச்சி, யார்ட்டயும் சொல்லாத ஒண்ணு சொல்லுதேன். பெடல் எறங்குனதும் நான் மிதிச்சது பத்தலன்னு பக்கத்து சீட்ல இருந்த புரொபசர் சார் காலை நீட்டி என் கால் மேல வச்சு அழுத்துனாவ. அன்னையில இருந்து அந்தப் பாரம் என் கால்லயே இருந்துச்சு. தூங்கும்போதும் இருக்கும். இன்னைக்கு டீக்கடையில உக்காந்திருக்கும்போதுதான் பைய எறங்கிப் போச்சு.”

எத்தனை மணிக்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.