கறுக்கும் என்று எழுதிய அட்டை

இன்று காலை வீட்டு இரும்புக் கேட்டைத் திறந்தபோது உள்ளங்கையில் துரு ஒட்டிக்கொண்டது. கழுவுவதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். எனக்கு அதுதான் முதலிபாளையத்தின் வாசனை.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ. சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து, திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில் இரண்டு வருடம் கலர் பார்த்தவள் நான். அந்தத் தைரியத்தில்தான் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பீங்கான் கோப்பை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். பனியன் ஏற்றுமதிக்காரர்கள் தங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் கோப்பைகள். அவற்றின் பளபளப்புப் பூச்சில் நிறத்துக்குக் கலப்பது இரும்புத் துருப் பொடி; தரைக்குப் போடுவோமே, அதே ரெட் ஆக்சைடு. பொடி படிந்து சிவந்த என் துணியைத் தங்கள் துணியோடு ஊறவைக்க அறைத்தோழிகள் ஒருநாளும் விட்டதில்லை.

சாயப்பட்டறை வழக்கம் அங்கேயும் தொற்றியிருந்தது. கலவையை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கலர் தப்பினால் கையெழுத்துப் போட்டவர் தலை உருளும்.

ஒருநாள் முதலாளி மெரூன் டி-ஷர்ட் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கோப்பையும் அதே நிறத்தில் வேண்டுமாம்.

"பொடிய நல்லாக் கூட்டிப் போடு அம்மிணி. எங்கூட்டுத் தரைக்கு இதே பொடிதான், செவச்செவன்னு இருக்குது."

"தரையச் சூளையில வச்சா சுட்டீக? நெருப்புக்குள்ள போனா கறுத்துரும் முதலாளி."

சிட்டிகை போட்டால் தேன் நிறம், கூட்டினால் பழுப்பு, இன்னும் கூட்டினால் கறுப்பு. ஒவ்வோர் அளவுக்கும் மாதிரியாக நான் சுட்டுவைத்திருந்த பீங்கான் வில்லைகளை வரிசையாக அடுக்கிக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இருவது வருசமாக் கலர் பாக்கறவன் நானு. எழுது."

எழுதினேன். அவர் சொன்ன அளவை எழுதி, கீழே ‘கறுக்கும்’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை அழுத்தி எழுதுவது என் கெட்ட பழக்கம். அட்டையின் பின்பக்கத்தையும் தடவிப் படிக்கலாம்.

சூளை திறந்தபோது அத்தனையும் கறுப்பு. நல்ல அழகான கறுப்பு, விளிம்பில் மட்டும் கொஞ்சம் துரு நிறம். முதலாளி அட்டையை என் முன்னால் நீட்டினார்.

"அந்த ஒரு வார்த்தைய அடிச்சுரு அம்மிணி. லேப் தப்புன்னு பார்ட்டிகிட்டச் சொல்லிக்கறேன். உன்ற வேலைக்கு ஒண்ணும் வராது."

"வேலை போனாப் போகுது. அடிக்க மாட்டேன்."

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, பொய் சொல்வானேன். ஆனாலும் ஒரு கறுப்புக் கோப்பையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. இன்றும் எனக்குக் காப்பி அதில்தான்.

அந்த இடத்தில் இப்போது நிட்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. சூளை இல்லை, முதலாளியும் இல்லை. கலரைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வதால் அட்டை எழுதும் வழக்கமும் போயிற்று. என் அட்டையும் எந்தக் குப்பையோடோ போயிருக்கும். போகும்போதும் அதில் ‘கறுக்கும்’ என்றுதான் இருந்திருக்கும்.