என் கணுக்காலும் உறைந்த ஆட்டுக்கறியும்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சாக்கடை ஓரம் வழுக்கி விழவில்லை.

அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் வாரா வாரம் இந்தப் பத்தியில் என்னைச் சகித்துக்கொள்ளும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஈப்போவில், என் சொந்த வீட்டு ஹாலில், அலமாரிக் கண்ணாடி முன்னால், போனில் உறுமி மேளத்தைப் போட்டுவிட்டு, தோளில் மாப் குச்சியோடு காவடி ஆடிப் பழகினேன். இரண்டாவது சுற்றில் கால்மிதியில் பாதம் மாட்டியது. இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. விழுந்ததைக் கண்ணாடியில் முழுசாகப் பார்க்கும் பாக்கியமும் கிடைத்தது.

ஐம்பத்து மூன்று வயதில் எதற்கு ஒத்திகை?

என் மனைவி வசந்திக்கு ஆபரேஷன் நடந்தபோது, அவள் நல்லபடியாக வீடு திரும்பினால் மூன்று வருடம் பால்காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். செமோர் பக்கம், நான் பிறந்த தோட்டத்துக் கோயிலில். ரப்பர் போய், செம்பனையும் போய், இப்போது அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய டெரஸ் வீடுகள். கோயில் மட்டும் நகரவில்லை. இது மூன்றாவது வருடம். போன வருட வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அதன் கீழே வசந்தியின் தம்பி சேகர் எழுதியிருந்தான்: "மச்சான் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே இருக்கு."

அதற்குப் பிறகு எந்த மனிதன் ஒத்திகை பார்க்காமல் இருப்பான்?

சரி, விழுந்தாயிற்று. பங்குனி உத்திரத்துக்கு ஒன்றரை வாரம்தான் இருக்கிறது. கணுக்கால் கண்ணெதிரே ஆவியில் வேகும் பாவ் பன் மாதிரி உப்புகிறது. புதுச் சுளுக்குக்கு என்ன வைக்க வேண்டும்? ஐஸ். எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன்.

"வசந்தி, ஐஸ் கொண்டா."

"ஐஸ் ஏது? பிரீசர கழுவி விட்டாச்சுல்ல."

விரதம் தொடங்கினால் எங்கள் வீட்டில் முதல் வேலை அதுதான். மீனும் இறைச்சியும் அடுத்த தெருவில் இருக்கும் சேகர் வீட்டுக்கு அகதிகளாகப் போகும். பிரீசரை உருக்கி, கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிடுவாள். ஐஸ் தட்டுகூட வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

சேகருக்குப் போன் போனது. வந்தான். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே பாறை மாதிரி எதுவோ.

"என்னடா இது?"

"ஒங்க ஆட்டுக்கறிதான் மச்சான். நல்லா கல்லா இருக்கு. வைங்க."

"ஏய், வெளிய கொண்டு போ," என்றாள் வசந்தி. "அவரு விரதத்துல இருக்காரு."

"வாயில வைக்கக் கூடாதுக்கா. கால்ல வச்சா என்ன லா?"

"ஏன், கால் மட்டும் விரதத்துல இல்லையா?"

என் கால் துடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே சாஸ்திர விவாதம் நடக்கிறது. பிளாஸ்டிக் இரண்டு அடுக்கு இருந்தால் தீட்டு தாண்டுமா? துண்டு சுற்றினால்? சேகர் கோயில் கமிட்டிக்காரர் ஒருவருக்குப் போனே போட்டுவிட்டான். அவர் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்று வரை சொல்லவில்லை.

இந்த இடைவெளியில்தான் பெரியக்கா நுழைந்தார். வசந்தியின் மூத்த சகோதரி. திருவிழாவுக்காகப் பாரிட் புந்தாரிலிருந்து வந்திருந்தவர். கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து, சுடச்சுட எடுத்து வந்துவிட்டார்.

"ஐஸ் வச்சா காத்து உள்ள பூந்துரும் தம்பி. பெறகு கால மடக்க முடியாது. நீட்டுங்க."

காற்று எந்த வழியாகப் புகும்? நான் என்ன சைக்கிள் டியூபா?

இதைக் கேட்டேனா? கேட்கவில்லை. மனைவியின் அக்கா நம் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதி ஒத்தடம் கொடுக்கும்போது, படித்ததையெல்லாம் எடுத்துவிட எனக்குத் தைரியம் இல்லை. உப்பு முடிந்தது. மருந்தெண்ணெய் வந்தது. அழுத்தி, இழுத்து, நீவி... சாயங்காலத்துக்குள் கணுக்கால் என்ற உறுப்பே காணாமல் போய், முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரே தூண்.

எனக்கு வருகிற ஆத்திரம் இதுதான். பேட்மிண்டன் என்றால் இந்த நாடே டிவி முன்னால் உட்கார்கிறது. ஆட்டக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் ஓடி வருகிறவர் கையில் என்ன இருக்கிறது? குளிர் ஸ்ப்ரே. யாராவது உப்பு மூட்டையோடு ஓடி வந்து பார்த்திருக்கிறீர்களா? இத்தனை வருடம் பார்த்தும் நமக்கு ஏன் உறைக்கவில்லை? கார் மக்கர் செய்தால் மெக்கானிக்கைத் தேடுகிறோம். கால் சுளுக்கினால் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் எல்லாம் டாக்டர். கால் என்னுடையது, வலி என்னுடையது — ஓட்டுரிமை மட்டும் எனக்கு இல்லை!

மறுநாள் கிளினிக்கில் டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சூடு வச்சது யாரு?"

"குடும்பம்."

எலும்பு உடையவில்லையாம். முதல் இரண்டு மூன்று நாளைக்கு ஐஸ்தான். அதுவும் துண்டில் சுற்றி, கொஞ்ச நேரம் வைத்து, எடுத்து, மறுபடி வைக்க வேண்டும். நேராகத் தோலில் வைத்தால் ஐஸும் சுடும். காலை உயர்த்திப் போட வேண்டும். நீவவே கூடாது. சூடெல்லாம் வீக்கம் வடிந்த பிறகு, விறைப்புக்கு.

"காவடி?" என்றேன்.

"அன்னைக்கு நடக்க முடிஞ்சா நடங்க. ஆடாதீங்க."

காரில் வரும்போது வசந்தி சொன்னாள்: "அடுத்த வருசம் எடுத்துக்கலாங்க. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

முருகன் கோபிக்க மாட்டான், தெரியும். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் சொன்ன வார்த்தை மூன்று வருடம் என்பது. அன்று நான் பேரம் பேசவில்லை. அவளைத் திருப்பிக் கொடுத்தவனிடம் இப்போது எப்படித் தவணை கேட்பது?

அதனால் ஐஸ். தெருமுனை மாமாக் டீக்கடையில் பை பையாக வாங்கி வந்தோம். 'தே ஐஸ்' என்ற ஐஸ் டீ போட வேண்டிய ஐஸ் என் காலில் உருகியது. ஆட்டுக்கறி சேகர் வீட்டிலேயே தூங்கியது. வீக்கம் மெல்ல வடிந்து, காலுக்கும் பாதத்துக்கும் நடுவில் மறுபடி ஒரு எல்லை தெரிந்தது. கடைசியில் விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்தபோது பெரியக்கா வாசற்படியில் நின்று சொன்னார்:

"சூடுதானே கேக்குது? நான் அன்னைக்கே சொன்னேன்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்கும் ஐஸ் தேவைப்பட்டது.

பங்குனி உத்திரத்தன்று வசந்தி என் கணுக்கால் கட்டுத்துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கட்டிவிட்டாள். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை வெறுங்காலோடு நடந்தேன். டாக்டர் சொன்னபடி ஆடவில்லை. நொண்டினேன், அவ்வளவுதான். பால் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. வசந்தி பக்கத்திலேயே நடந்து வந்தாள். கர்ப்பக்கிரகத்து முன்னால் இருவருமே கொஞ்சம் அழுதோம், அதை எழுதுவதற்கில்லை.

மறுநாள் விரதம் முடிந்து, அந்த ஆட்டுக்கறியே குழம்பாகித் தட்டுக்கு வந்தது. சேகர் ஒரு கையில் எலும்பும் இன்னொரு கையில் போனுமாக இந்த வருட வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரை பார்த்தான்.

"மூணு வருசத்துல இந்த வருசந்தான் மச்சான் நீங்க ஆடுன மாதிரி இருக்கு. அந்த இடது கால இழுத்து இழுத்து வைக்கிறீங்களே... அந்த ஸ்டெப்ப விட்டுறாதீங்க லா."