மருதாணிக் கோடு

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் நவம்பரில் வந்தது. பிறைக்கணக்கும் சுவர் நாட்காட்டியும் ஆண்டுதோறும் விலகி விலகி ஓடுவதால், எந்தப் பெருநாள் எந்தக் காலநிலையில் வந்தது என்பதை வைத்தே என் சிறுவயதை அடுக்கி வைத்திருக்கிறேன். இது பனிமூட்டப் பெருநாள். பன்விலயில் மாமா வீட்டுக்குப் பின்னாலிருந்த கைவிடப்பட்ட தேயிலை மேடு காலையில் வெகுநேரம் கண்ணில் படாது. அதற்குள்ளிருந்து குதிரைகள் செருமும் சத்தம் மட்டும் வரும். மேகம்தான் செருமுகிறது என்று நம்பியிருந்தேன்.

உம்மாவின் அண்ணனான மாமா, மிளகும் கிராம்பும் வாங்கி விற்பவர். மனம் மட்டும் மலைநாட்டு மட்டக்குதிரைகளிடம் இருந்தது. துரைமார் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் தபால் சுமந்த குள்ளக் குதிரைகளின் சந்ததி அவை. நாவலப்பிட்டிப் பக்கம் ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் பஸ் ஏறிப் போய், அதன் தாய் தகப்பனை விசாரித்துத் தன் பதிவேட்டில் எழுதிவருவார். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. சட்டங்களையும் அவரே போட்டுக்கொண்டார். மீறினால் தண்டிக்க ஆளில்லாத சட்டங்களுக்கு அவ்வளவு பயந்து நடந்த இன்னொருவரை நான் கண்டதில்லை.

தலையாய சட்டம் முதுகுக் கோடு. பிடரியிலிருந்து வால்வரை ஒரே கருங்கோடு ஓட வேண்டும். அது இல்லாத ஆண், இனத்தில் சேர்த்தி இல்லை. ஆனால் பிறந்த குட்டியின் கோட்டை நம்பக்கூடாது. பால்ரோமம் உதிரும்போது சில குட்டிகளுக்குக் கோடும் சேர்ந்து உதிர்ந்துவிடும். ஆகவே முதலில் பென்சிலால் எழுதுவார். ரோமம் மாறி, மிருக வைத்தியர் வந்து பார்த்து ஒப்பமிட்ட பிறகுதான் பேனை.

ஆடி மாதத்துப் பெரஹர ஊர்வல நாட்களில் ஓர் ஆண்குட்டி பிறந்தது. அடுத்து வந்த நோன்பு மாதத்தில் அதன் தகப்பன் செத்துப்போனது. பதிவேட்டில் வேறு ஆண் இல்லை. குட்டிக்குக் கோடு நிலைத்தால் இனம் தொடரும்; இல்லாவிட்டால் அதோடு முடிந்தது.

மாமிக்கு இந்தக் குதிரைகளைக் கண்டாலே ஆகாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "ஒங்கட சக்களத்தி புல்லுத் தின்டிட்டாளா? இனியாவது சோறு தின்ன வாங்க" என்று குசினியிலிருந்து கூப்பிடுவார். மாமா சிரிப்பார். ஆனால் அந்தப் பெருநாளுக்கு முந்திய வாரம் அவர் சிரிக்கவில்லை. தினமும் குட்டியின் முதுகை விரலால் நீவினார். கருரோமம் தூசியாக உதிர்ந்து கையில் வந்தது. மாமி குசினி யன்னலில் நின்று அதைப் பார்த்தார். சக்களத்தி பேச்சும் நின்றுபோனது.

வைத்தியர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம், என் கையில் மருதாணியால் பூப் போட்ட மாமி, மிச்சத்தில் கடும் தேயிலைச் சாயத்தை ஊற்றிக் கரைத்து எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். கையை விரித்துப் பிடித்தபடி நானும் பின்னால் போனேன். மூட்டத்துக்குள் வெளிறிய வைக்கோல் நிறத்தில் குட்டி நின்றது.

"நில்லு வாப்பா, கொஞ்சம் அசையாம நில்லு" என்று கெஞ்சிக்கொண்டே மாமி அதன் முதுகில் விரலால் கோடிழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாமாக்கிட்ட இதச் செல்லப்படாது. செரியா மகள்?"

மறுநாள் மூட்டம் விலகியபோது, குட்டியின் முதுகில் செக்கச்செவேலென்ற ஒரு கோடு வெயிலில் மின்னியது. மாமா நரைத்த தாடிக்கு வருடக்கணக்காக மருதாணி போடுபவர். வெள்ளை மயிரில் அது என்ன நிறம் பிடிக்கும் என்பதைத் தினமும் எதிரில் பார்த்துக்கொண்டிருந்தும், மாமிக்கு அது நினைவில் வரவில்லை.

"என்னங்க ஹாஜியார், குட்டிக்குக் கலியாணமா?" என்று வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்க தாடியும் அதுவும் ஒரே ஜோடியா இருக்கே! யாரு பார்த்த வேலைங்க இது?"

மாமா முதுகைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். பிறகு குசினி வாசலைப் பார்த்தார். மாமி கைகளைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தார். உள்ளங்கையில் பூவே இல்லாமல் விரல் நுனிகள் மட்டும் சிவந்திருந்ததை நானும் பார்த்தேன்.

"நான்தான், டொக்டர்" என்றார் மாமா. "ஆசையில செஞ்சிட்டன். நீங்க ஒப்பம் வெக்கத் தேவல்ல. கோடு இல்ல."

பதிவேட்டில் ஒரு பொய் வரியும் எழுதாதவர், கண்ணிமைக்காமல் அப்படிச் சொன்னார். வைத்தியர் போனதும் பென்சில் எழுத்தைத் தானே அழித்தார். அழித்த தூளை ஊதிவிட்டு, ஒருபோதும் நுழையாத குசினிக்குள் நுழைந்து, திருவலகட்டையில் உட்கார்ந்து தேங்காய் துருவத் தொடங்கினார்.

"வேணாம், எழும்புங்க. ஒங்களுக்குத் தெரியாது" என்றார் மாமி.

"தெரியாதுதான்" என்றார் மாமா. சிரித்துக்கொண்டே துருவினார். தாடியெல்லாம் தேங்காய்ப்பூ.

மூட்டம் மறுபடி இறங்கி வாசலை மூடியது. மூட்டத்துக்குள்ளிருந்து குட்டி செருமியது. வைத்தியர் நல்ல சேதிதான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, என் கையில் சிவந்திருந்த பூவை மோந்து பார்த்தபடி நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.