உனக்காகத்தான் நின்னேன்

கல்லிலிருந்து எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொள்கிறார் என்றால், கடைசி ஆள் வந்து சேர்ந்தாயிற்று என்று பொருள். பாதை பிரியும் இடத்தில் எல்லாம் எங்கள் செருப்புக்கடைக்காரர் இப்படித்தான். முன்னால் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வியர்வையும் ஆற்றியிருப்பார். நாங்கள் மூச்சு வாங்க வந்து நிற்போம். "எல்லாரும் வந்தாச்சா? சரி, கிளம்பலாம்!"

வசந்தத்தில் மரங்கள் துளிர்த்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து காட்டு வழியாக மலைக்கு நடப்பது வழக்கம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மெயில் வண்டி'.

கடையில் அவர் வேறு ஆள். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் முட்டி போட்டிருப்பார். வந்தவர் முகத்தைப் பார்க்கமாட்டார். கழற்றிய செருப்பைத் திருப்பி அடியைப் பார்ப்பார். "இடது முட்டி வலிக்குமே உங்களுக்கு? படி இறங்கும்போது பாத்து இறங்குங்கம்மா" என்பார். சரியாகவே இருக்கும்.

நடையில் எப்போதும் கடைசியாக வருவது அவர் மனைவி. எங்களுக்கு அக்கா. அக்கா வந்து சேரும் நேரம்தான் இவர் கிளம்பும் நேரம். "உனக்காகத்தான் இவ்வளவு நேரம் நின்னேன்" என்று பெரிய மனதோடு சொல்வார். நின்றது உண்மைதான். நின்றவருக்கு ஓய்வு கிடைத்தது, வந்தவருக்கு இல்லை. போன வசந்தத்தில், ஓடைக்கு மேலே உள்ள வளைவில், அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "இத்தனை வருஷத்துல நான் உக்காந்து ஒருநாளாவது பாத்திருக்கீங்களா?" எல்லாரும் சிரித்தோம். அவரும்தான்.

இந்தக் குளிர்காலத்தில் அக்காவின் ஷூவில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டும்போதுதான் அவர் அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். இடது குதி ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. எங்களிடம் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "ஊர்க் காலையெல்லாம் பாத்தேன். வீட்டுக் காலைப் பாக்கல."

அன்றிலிருந்து ஒரே கெஞ்சல். "இந்தத் தடவை உன் பின்னாடியே வரேன். மெதுவா போலாம், வா."

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றார் அக்கா. ஏற்றமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார்.

ஆனாலும் நடைக்குக் கிளம்பிய ஞாயிறன்று, காட்டு முகப்பு வரை அக்காவும் எங்களோடு பஸ்ஸில் வந்தார். மரக்கதவை ஒட்டிய பெஞ்சில் பையை வைத்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க. நான் இப்பவே உக்காந்துக்கறேன்" என்றார்.

அன்று மெயில் வண்டி ஓடவில்லை. வளைவுக்கு வளைவு நின்று கீழே பார்த்தது. ஓடைக்கு மேலே, மரத்தடி எங்கும் சின்னச் சின்ன நீலப் பூக்கள். "அவ இதை நின்னு பாத்ததே இல்ல" என்றார், யாரையும் பார்க்காமல். மலை உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. சட்டென்று திரும்பி, வந்த வழியே கிடுகிடுவென்று இறங்கத் தொடங்கினார். விழுந்து வைப்பாரோ என்று நாங்களும் பின்னாலேயே இறங்கினோம்.

பெஞ்சை அடைந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேச மூச்சில்லை. கையை ஊன்றி உட்காரப் போனார்.

அக்கா எழுந்து மடியைத் தட்டிக்கொண்டார். "வந்துட்டீங்களா? சரி, கிளம்பலாம்."

பாதி மடங்கிய முட்டியோடு அவர் அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து, பெஞ்சிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அக்கா கைத்தடியை ஊன்றிக் கொஞ்சம் முன்னால் போகும்வரை பொறுத்திருந்து, பின்னால் நடந்தார்.