வேல் இல்லாத இஸ்ரவேல்

1. குழந்தை பிறந்த ஐந்தாம் நாள், தன் அப்பாவின் பெயரை அவனுக்கு வைக்க முடியுமா என்று என் அப்பா கேட்டார். அந்தப் பெயர் இஸ்ரவேல்.

2. என் திருமணத்துக்குப் பிறகு அப்பா என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் முறை.

3. ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த மாமனாரிடம் என் கணவர் அதைச் சொன்னார்.

4. மாமனார் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "வேலு இருக்குதல்லொ, போதும். முருகன் பேருதான்" என்று சந்தோஷமாகப் பஸ் ஏறினார்.

5. யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

நாங்கள் திண்டுக்கல் டவுனில் கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் பழனி முருகனைக் கேட்காமல் தக்காளி நாற்றுகூட நடாதவர்கள். பதிவு அலுவலகத்தில் எங்கள் திருமணத்துக்கு இரு வீட்டாரும் வந்து நின்றதோடு சரி. இரண்டு வருடங்களாக இரு அப்பாக்களுக்கும் இடையில் "வாங்க" என்பதற்கு மேல் பேச்சில்லை. பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்த பிறகும், அப்பா ஞாயிறு ஆராதனைக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் மாமனார் வருவார்.

நான் நூற்பாலையில் மின்னணுக் கருவிகளைப் பராமரிப்பவள். கருவி சரியான அளவைக் காட்டினாலும் உள்ளே ஒயர் மாறியிருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது. குழந்தை தூங்கும் நேரங்களில் அந்தப் பெயரைப் பற்றித் தேடிப் படித்தேன். எபிரெய மொழியில் கடைசியில் இருப்பது 'ஏல்', அதாவது கடவுள். முன்பாதிக்குப் போராடுதல் என்பார்கள். ஆளுதல் என்று சொல்பவர்களும் உண்டு. ஆகவே கடவுளோடு போராடியவன், அல்லது கடவுள் ஆள்கிறார். முதலில் ஒரு மனிதனுக்கு, யாக்கோபுக்கு வந்த பெயர். பிறகு அவன் சந்ததி முழுவதற்கும் ஆனது. வேல் எங்கும் இல்லை. கத்தோலிக்கர் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் அதே பெயர் 'இஸ்ரயேல்' என்று 'ய' போட்டே இருக்கிறது.

கணவரிடம் காட்டினேன். "இப்பத்தான் ரெண்டு பேரும் ஒரு விசயத்துல ஒத்து வந்திருக்காங்க. உன்ற ஆராய்ச்சிய மடிச்சு வையி" என்றார். அவர் பயம் எனக்கும் இருந்தது. மாமனார் வேண்டாம் என்றுவிட்டால், அப்பா கேட்ட ஒரே ஒரு விஷயத்தை நானே கெடுத்தவள் ஆவேன். ஆனால் பின்னால் வேறு யாராவது சொல்லித் தெரிந்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதானே அவர் நினைப்பார்?

அடுத்த ஞாயிறு முருங்கைக்காய்க் கட்டோடு வந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப வேலு எங்கிருந்து வந்துச்சு அம்மிணி?"

"நம்ம தமிழ்லருந்துதான் மாமா, எனக்குத் தெரிஞ்சவரைக்கும். மா, இலை ரெண்டையும் சேத்தா மாவிலைன்னு நடுவுல ஒரு 'வ' வருதுல்ல? அது மாதிரி இஸ்ர, ஏல்."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப அர்த்தம்?"

யாக்கோபு ஆற்றங்கரையில் விடியும்வரை கடவுளோடு மல்லுக்கட்டியதைச் சொன்னேன். ஆசீர்வாதம் தராமல் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டதையும், தொடைச் சந்து பிசகி நொண்டிக்கொண்டு போனதையும் சொன்னேன்.

"சாமி கூடவேவா? கெட்டிக்காரன்தான்" என்றார். ஆனால் சுருங்கிய முகம் விரியவில்லை.

அப்போது ஆராதனை முடிந்து அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். பேச்சு காதில் விழுந்திருக்கும்; எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, பேரு வேணாங்குறீகளா?"

"அதுல வேலு இல்லீன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

"நீங்க கேக்கவே இல்லியே! எங்கப்பாவ இந்தத் தெருவே வேலுன்னுதான் கூப்டுச்சு. அவரும் என்னன்னு கேட்டுத்தான் போவாரு. இம்புட்டு இலக்கணம் எவனும் பாக்கல."

மாமனார் சிரித்துவிட்டார். பிறகு குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இவனுக்கோசரம் பழனிமலையில நான் கும்பிட்டத விடச் சண்ட புடிச்சதுதான் சாஸ்தி. அந்தப் பேரே வைங்க சம்பந்தி. வேலு வேணும்னா நான் கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

அப்பா உள்ளே போய், அவரே இரண்டு காபி எடுத்துக்கொண்டு வந்தார்.

பிறப்புச் சான்றிதழில் இஸ்ரவேல் என்று பதிவாகிவிட்டது. மாமனார் வேலு என்கிறார், அப்பா முழுப்பெயரும் சொல்கிறார்; நாலு மாதமான குழந்தை இரண்டுக்கும் திரும்புகிறான். அப்பா இன்னும் தோட்டத்து வீட்டுக்குப் போகவில்லை. ஞானஸ்நானமா, பழனியில் முடியெடுப்பதா, இரண்டுமா என்பது முடிவாகவில்லை.